முதல் கிட்டார் என்று சொன்னது

அப்போது என்னிடம் நான்கு கிட்டார்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணங்களைக் கைபேசியில் பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். ஒன்று, திருச்சியில் கல்லூரியில் படித்தபோது விடுதித் தோழி விட்டுப்போனது; அதில்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு, முதல் சம்பளத்தில் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். மூன்று, நைலான் கம்பி போட்டது, விரல் வலிக்கும் நாட்களுக்கு. நான்கு, சிறியது, வேலைக்காக வெளியூரில் தங்க நேர்ந்தால் எடுத்துப் போக. இந்தப் பட்டியலை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

அம்மா கேட்டதெல்லாம் வேறு. நான்காவது வந்த அன்று கதவருகில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு ஆளு எத்தன தட்டுலடி சாப்பிடும்?" என்றார். சோற்றுக்கு ஒன்று, பலகாரத்துக்கு ஒன்று என்று ஏதோ சமாளித்தேன். "எட்டு வருஷமா அதே ஏழு பாட்டத்தான் வாசிக்கிற" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். தஞ்சாவூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சுற்றுவட்டார அரிசி ஆலைகளுக்குப் போய், நெல்லின் ஈரப்பதம் காட்டும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் பொறுப்பு. மீட்டர் கூட்டிக் காட்டினால் நெல் கொண்டு வந்தவருக்கு நட்டம், குறைத்துக் காட்டினால் ஆலைக்கு நட்டம். குறை கண்டால் சிவப்புத் தாளில் எழுதி மீட்டரின் முகத்திலேயே ஒட்டிவிட்டு வர வேண்டும். ஒட்டினால் ஆலைக்காரர்கள் முறைப்பார்கள், சில இடங்களில் அதன் பிறகு டீ வராது. ஆனாலும் ஒட்டிவிட்டுத்தான் வருவேன். பார்த்த குறையைச் சொல்லாமல் வந்துவிட்டாள் என்று என்னைப் பற்றி எந்த ஆலையிலும் பேச்சு கிடையாது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அன்று கடையில் நான் செய்தது என்ன என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு விடுப்பு. அம்மாவிடம் நீடாமங்கலத்தில் ஒரு ஆலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தெற்கு வீதிப் பக்கம், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ஒரு இசைக்கருவிக் கடை இருக்கிறது. ஆர்மோனியம், தபலா, பள்ளிக்கூட அணிவகுப்புக்கான டிரம் எல்லாம் முன்னால் இருக்கும். பின்சுவரில் கிட்டார்கள் தொங்கும். அந்தக் கடைக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முந்தின நாள் ஒரு கிட்டாரின் படத்தைப் போட்டிருந்தார். தேன் நிறம், மேற்பலகை ஒட்டுப்பலகை இல்லை, ஒரே மரம். ஒன்றுதான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். வாங்கப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்று வழி நெடுக எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

பத்து மணிக்குக் கடையில் வேறு யாரும் இல்லை. கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றியில் விபூதி. யாருக்கு வேண்டும், முன்னால் வாசித்திருக்கிறேனா என்று கேட்டார்.

"இல்ல சார். இதுதான் முதல் கிட்டார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் வாய் தவறி வந்ததும் இல்லை. நான்கு இருக்கிறது என்றால் கச்சேரி செய்கிறீர்களா, குழு வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். என் அறையைத் தவிர வேறு எங்கும் நான் வாசித்ததில்லை. அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. முதல் தடவை வாங்க வருகிறவர்களிடம் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வார்கள். இது கழுத்து, இது கம்பிகளைத் தாங்கும் பாலம், இப்படி மடியில் வைக்க வேண்டும், இந்த மரம் இப்படிப் பேசும் என்று. அந்தப் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது எனக்கு வேண்டியிருந்தது. அவர் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். தேன் நிறக் கிட்டாரை மடியில் வைத்து, தெரியாதவள் போல ஒற்றை விரலால் கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன். அப்படித் தட்டினால்கூட அந்தச் சத்தம் சற்று நேரம் வயிற்றில் நின்றது.

பத்தேகாலுக்கு ஒரு பெண் படியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, கையில் பாதி தீர்ந்த தண்ணீர் பாட்டில். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி ஆசிரியை என்றும், விடிகாலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்ததாகவும் கடைக்காரரிடம் சொன்னார். அவர் ஊர் மாதா கோயிலில் பாடல் குழுவை அவர்தான் நடத்துகிறார். அங்கிருந்த பழைய கிட்டார் உப்புக்காற்றில் பாலம் பெயர்ந்து, வயிறு உப்பி, ஒட்ட வைக்க முடியாமல் போய்விட்டதாம். தான் வாசிக்கத் தனக்கென்று ஒன்று வாங்க வந்திருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர் என் மடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"படத்துல போட்டிருந்தது இதானுங்களா?"

ஆமாம் என்றார் கடைக்காரர். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேண்டாம் என்று வைத்தால் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அதுவரை நான் வாங்குவதாக இல்லை. இன்னும் கால்மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பேன், முன்பு அப்படிப் போனதுண்டு. அந்தப் பெண் அதைப் பார்த்த பார்வையில் என் கை கிட்டாரின் மேல் கொஞ்சம் இறுகியது. சுவரில் கடிகாரம் பத்து இருபத்தைந்து காட்டியது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் பில் போடாத கடைகள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு வழியும் உண்டு. நல்ல நேரம் முடிவதற்குள் ஒரு சிறு தொகையை முன்பணமாக வைத்துவிட்டால் வாங்கியது போலத்தான். மீதியைப் பிறகு கொடுக்கலாம், பொருளை வேறு யாருக்கும் தர மாட்டார்கள். அம்மா எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை அப்படித்தான் வாங்கினார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அம்மாவைக் கேலி செய்திருக்கிறேன்.

"சார், நல்ல நேரம் முடியறதுக்குள்ள நூத்தியொரு ரூபா வெச்சிடறேன்" என்றேன்.

கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. பணத்தை வாங்கிச் சாமி படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டார். "பாத்தீங்களா டீச்சர், இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எவ்வளவு விவரம்" என்றார்.

டீச்சர் சிரித்தார். "ராகு வந்து பில் புக்க தூக்கிட்டுப் போயிடுமாக்கும்?"

"உங்களுக்கு ஜெபம், எங்களுக்கு நேரம். விடுங்க டீச்சர்."

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் எங்கள் இருவருக்கும் பில் கிடையாது. கடைக்காரர் டீச்சருக்கு ஒரு கறுப்புக் கிட்டாரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேசைக்குப் போய்க் கைபேசியில் யாரிடமோ மிருதங்கத்தோல் பற்றிப் பேச ஆரம்பித்தார். டீச்சர் கறுப்பை வாங்கி, தூசி தட்டி, கழுத்தைப் பிடித்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். நீட்டியது என் பக்கம். தச்சர் பலகையைப் பார்ப்பது போல ஓரத்தோடு ஓரமாக என் கண் தன்னால் ஓடியது. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் வளைந்திருந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கை ஒன்றும் செய்ய முடியாது. மழைக்காலத்தில், அதுவும் கடலோரத்தில், அது இன்னும் மோசமாகும். ஓர் ஆண்டில் கீழ்க்கம்பிகள் இரைய ஆரம்பிக்கும், அதன் பிறகு எதைச் செய்தாலும் சுருதி நிற்காது.

சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் முதல் கிட்டார் வாங்க வந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? நான் என் மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் கறுப்பில் சிறிது நேரம் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். அவ்வப்போது முகம் சுளித்துக் காதைப் பலகையின் பக்கம் சாய்த்தார். ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"புதுசா கத்துக்கப் போறீங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

"டீச்சர்லாம் பள்ளிக்கூடத்துல. அக்கான்னே சொல்லுங்க. யாராவது சொல்லிக் குடுக்கறாங்களா?"

இனிமேல்தான் ஆள் பார்க்க வேண்டும் என்றேன். தஞ்சாவூரில் ஆளுக்கா பஞ்சம் என்றார். இதற்காக ஒரு மாதம் வீணாக்க வேண்டாம், மூன்று பிடிகள் தெரிந்தால் பாதிப் பாட்டு வாசித்துவிடலாம், இப்போதே ஒன்று சொல்லித் தருகிறேன் என்று சொல்லி, எந்த விரல் எங்கே என்று காட்டினார். பொறுமையாகக் காட்டினார். நான் வேண்டுமென்றே விரலைத் தவறான கம்பியில் வைத்தேன். அவர் திருத்தினார். மறுபடி தப்பாக வைத்தேன். பள்ளிப் பிள்ளைகள் மத்தியில் பல வருடம் இருந்தவர், கோபமே வரவில்லை. மூன்றாவது தடவை சரியாக வைத்ததும், "அவ்வளவுதான். கை நல்லா வருது உங்களுக்கு" என்று முதுகில் தட்டினார்.

அந்தத் தட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"மொதல் மாசம் விரல் எரியும். விட்டுடாதீங்க. அப்புறம் தோலு காய்ச்சுப் போயிடும், எனக்குப் பாருங்க" என்று தன் இடது கை விரல் நுனிகளைக் காட்டினார். அடுத்த பிடியைச் சொல்லித் தருவதற்காக என் இடது கையை எடுத்தார். விரலைக் கம்பியில் வைக்கப் போனவர் நின்றார். கட்டை விரலால் என் சுட்டுவிரல் நுனியைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு நடுவிரல். பிறகு மற்ற இரண்டும். காலையில் வகுப்பில் பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொன்றாக.

"எத்தன வருஷம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எட்டு."

"வீட்ல கிட்டார் இருக்கா?"

"இருக்குக்கா. நாலு."

"நாலா" என்றார். கையை விட்டுவிட்டார். கடைக்காரர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் இன்னும் போனில் இருந்தார். அவர் காதில் போட வேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கறுப்புக் கிட்டாரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப இதப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும், மரம் தெரியாது."

பார்க்கத் தேவையில்லை என்றாலும் இன்னொரு முறை பார்த்தேன். முறுக்கு எங்கே தொடங்குகிறது, எந்தக் கம்பி முதலில் கெடும், ஏன் சரிசெய்ய முடியாது என்று வரிசையாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு வந்த கடைக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார். வாங்கிப் பார்த்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, சரக்கு வந்தபடியே சுவரில் மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. கிட்டாரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மொதல் கிட்டார்னு சொன்னீங்க?" என்றார். அவர் அதை மறுபடி கேட்கவில்லை. அதுவரை 'அம்மா' போட்டுப் பேசியவர் அதன் பிறகு என்னை 'மேடம்' என்றார்.

டீச்சர் கேட்டது வேறு. "இத இப்பதான் பாத்தீங்களா?"

"இல்லக்கா. நீங்க கையில எடுத்தப்பவே."

"சரி" என்றார்.

எனக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் போலிருந்தது. தேன் நிறத்தை அவரே எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம் என்றேன். கடைக்காரர் மறுத்துவிட்டார். நல்ல நேரத்தில் சாமியிடம் வைத்த பணத்தை ராகு காலத்தில் எடுத்து ஆள் மாற்றுவது ஆகாத காரியம், பன்னிரண்டு அடிக்கட்டும், நீங்கள் வேண்டாமென்றால் டீச்சருக்குப் பில் போடுகிறேன் என்றார். டீச்சருக்குப் பன்னிரண்டு மணிக்கு நேர் பஸ். அடுத்தது சாயங்காலம். வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார், பக்கத்து வீட்டில் நான்கு மணி வரைக்கும்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அப்படியானால் என் வீட்டுக்கு வாருங்கள், பத்து நிமிடம்தான், நான்கில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம் என்றேன். அதுதான் அன்றைக்கு நான் சொன்னதிலேயே மோசமானது என்று அப்போது தெரியவில்லை.

"இனாமா வாங்கிட்டுப் போக வரலைங்க" என்றார். குரல் உயரவில்லை. "பாத்துப் பாத்து ஒண்ணு எடுக்கணும்னு நாலு மாசமா நெனச்சிட்டு வந்தேன். நீங்க நாலு தடவ எடுத்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

பிறகு, ஒரு முறை வாசித்துப் பார்க்கலாமா என்று தேன் நிறத்தைக் காட்டிக் கேட்டார். என்னிடம் கேட்டார், கடைக்காரரிடம் இல்லை. கொடுத்தேன். மெதுவான ஏதோ ஒரு கோயில் பாட்டு, இரண்டு நிமிடம்தான் இருக்கும். கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. வாசித்து முடித்துக் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினார். "நல்லா பேசுது" என்று இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். கடைக்காரரிடம் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேணாம்னு நீங்க வெச்சிட்டீங்கன்னா இவருகிட்ட சொல்லிட்டுப் போங்க. அடுத்த வாரம் வந்துடறேன்."

"வெச்சிடறேன்க்கா" என்றேன்.

அவர் இறங்கிப் போனபோது பதினொன்றே முக்கால் ஆகவில்லை. பன்னிரண்டு வரை எனக்கு வேறு வேலை இல்லை. நடிக்கத் தேவையும் இல்லை. தேன் நிறத்தை எடுத்து என் ஏழு பாட்டுகளையும் வாசித்தேன். நான்கு கிட்டார்களில் எதிலும் அவை அப்படி வந்ததில்லை. கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் ஒரு பட்டியல் வளர்ந்தது. ஒற்றை மரப்பலகை கடற்காற்றுக்கு ஆகாது, அவரிடம் போனால் இரண்டு மழையில் வெடித்துவிடும். கோயில் குழுவுக்கு ஒட்டுப்பலகைதான் சரி. கடைக்காரர் அடுத்த சரக்கில் அவருக்கு நல்லதாக ஒன்று வரவழைப்பார். எல்லாம் சரியான தகவல்கள். எந்த ஆலையிலும் துணிந்து கையெழுத்துப் போடக்கூடியவை.

பன்னிரண்டு அடித்ததும் கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து, பேனாவைப் பிடித்தபடி, "என்ன மேடம், போடட்டுமா?" என்றார். போடுங்கள் என்றேன்.

வீட்டில் அம்மா எதுவும் கேட்கவில்லை. உறையோடு பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டிருக்கலாம். நான் அதை உறையைத் திறக்காமலே அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். நாளைக்கு எடுக்கலாம் என்றுதான் வைத்தேன். சம்பா நடவு முடிந்து, அடைமழை வந்து, போய், அறுவடைக்கு ஆலைகளில் வேலை கூடியது. நான் அதை எடுக்கவில்லை. கைபேசிப் பட்டியலில் ஐந்து என்று எண் போட்டு, காரணம் எழுதும் இடத்தை வெற்றாக விட்டிருந்தேன்.

தை மாதம் ஒரு மத்தியானம் கடைக்காரர் போன் செய்தார். புதுச் சரக்கு வந்திருக்கிறது, வந்து பாருங்கள் மேடம் என்றார். ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவர்களுக்குத்தானே முதலில் போன் வரும். நான் டீச்சர் வந்து எதையாவது எடுத்தாரா என்று கேட்டேன். வரவில்லை என்றார். அன்றைக்கு ஒரு மணி வாக்கில், மன்னார்குடி தாண்டும்போது பஸ்ஸிலிருந்தே அவர் போன் செய்தாராம். அந்தப் பெண் வைத்துவிட்டுப் போய்விட்டார்களா என்று கேட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். சரிங்க என்று வைத்துவிட்டாராம். "அப்புறம் பேசவே இல்ல மேடம்."

டீச்சரின் எண் வேண்டும் என்றேன். அவரிடம் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னார். மறுநாள் அனுப்பினார்.

பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை நானே ஊருக்குக் கொண்டு வந்து தருவதாகச் சொல்வது, கடை விலைக்கே வாங்கிக்கொள்ளச் சொல்வது. மூன்றுதான். முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர், "அட, அதெல்லாம் போச்சுங்க. நாங்க அப்பவே நாகப்பட்டினத்துல ஒண்ணு எடுத்துட்டோம். திருவிழாவுக்கு வேணுமே, அவசரத்துல எடுத்தது. ஓடிட்டிருக்கு" என்றார். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறார் என்றார். என் வேலை என்ன என்று கேட்டார். மீட்டர் பார்ப்பதைச் சொன்னேன். நல்ல வேலை என்றார்.

பிறகு, "அது எப்படி இருக்கு? நல்லா வாசிக்கிறீங்களா?" என்றார்.

"நல்லா இருக்குக்கா."

"பக்கத்துல இருந்தா ஒரு தடவ தட்டிக் காட்டுங்க. அந்தச் சத்தம் கொஞ்ச நாள் காதுலயே இருந்துச்சு."

போனை மேசைமேல் வைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து அதை இழுத்தேன். உறையின் ஜிப் பாதியில் சிக்கியது. உள்ளே பூஞ்சணம் பூத்த வாடை. ஆறு கம்பிகளும் துருப்பிடித்திருந்தன. சுருதி சேர்க்கத் திருகியதும் மெல்லிய கம்பி அறுந்தது. அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார், பின்னால் எங்கோ காக்கை கத்துவது கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவரில் மாட்டியிருந்த விடுதிக் கிட்டாரை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று கடையில் அவர் எனக்குச் சொல்லித் தந்த பிடியிலிருந்து தொடங்கி நாலு வரி வாசித்தேன்.

"அதேதாங்க" என்றார். "அதே சத்தம். இன்னொரு தடவ."

வாசித்தேன்.